காற்று மெத்தையில் ஓட்டை: உங்களுக்கு நடந்தது என்ன?

வெள்ளவத்தையிலிருந்து:
ஹோர்ட்டன் சமவெளியில் இரவு 2 மணிக்கு இடுப்பில் நிலம் சில்லிட்டபோதுதான் தெரிந்தது. ஊதினேன், திரும்ப இறங்கியது. அந்த இரவு போகட்டும், வீட்டில் ஓட்டையைத் தேடியதுதான் மனதை விட்டுப் போகவில்லை. எங்கள் ஃபிளாட்டில் மெத்தையை அமிழ்த்தத் தொட்டி இல்லை. காது வைத்துக் கேட்கலாமென்றால் ஒரு பக்கம் காலி வீதி பஸ், மறுபக்கம் கரையோர ரயில். எல்லாம் அடங்கும்வரை விழித்திருந்து, உதட்டை ஈரமாக்கி மெத்தைக்குக் கிட்ட வைத்து அங்குலம் அங்குலமாக நகர்ந்தேன். ஓரத்துக்கு வந்ததும் உதட்டில் ஊசிமுனை அளவு குளிர். சவர்க்காரத் தண்ணீர் தொட்டு வைத்தேன், கடுகு கடுகாக நுரை எழும்பியது. பேனையால் வட்டம் போட்டு, காற்றை இறக்கி, ஒட்டுவதற்காகச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்தேன். வட்டமும் சேர்ந்து போய்விட்டது. கையில் நீலம் படிந்த பஞ்சுடன் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
நான் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனேன். அந்த அண்ணை டியூபுக்குச் செய்வதுபோலவே அரத்தால் தேய்த்து, சொலூஷன் பூசி ஒட்டித் தந்தார். காசும் வாங்கவில்லை. ரிவர்ஸ்டனில் முதல் இரவே ஒட்டு காய்ந்த தோல்போல உரிந்தது. அவரில் பிழை இல்லை. அது ரப்பருக்கான பசை, என் மெத்தை டீபீயூ என்ற பொலியூரித்தேன் பிளாஸ்டிக் பூசிய நைலோன். நான்தான் சொல்லியிருக்க வேண்டும். தேய்த்த இடத்தில் பூச்சுப் போய் நூல் தெரிகிறது.

தெஹிவளையிலிருந்து:
வெள்ளவத்தைக்காரரே, முதலில் அது ஓட்டைதானா? மாலையில் 20 பாகையில் ஊதிய காற்று விடியப்புறம் 5 பாகைக்கு இறங்கினால் ஏறக்குறைய 5 வீதம் சுருங்கும். எனக்கு அறுகம் குடாவில் வால்வுக்குள் ஒரு மணல்தான் இருந்தது, கழுவினேன், சரியாகிவிட்டது. ஆகவே எல்லாரும் முதலில் வால்வைப் பாருங்கள். ஓட்டைதான் என்றால் வட்டத்தை அகலமாகப் போடுங்கள், ஸ்பிரிட் உள்ளே மட்டும் படட்டும். காற்று முழுக்க இறங்கியிருக்க வேண்டும், வால்வு திறந்தே இருக்கட்டும், இல்லாவிட்டால் மிச்சக் காற்று பசையைத் தள்ளிக் குமிழ் விடும். ஒட்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர் மூலைதான் முதலில் கிளம்பும். சூப்பர் குளூ வேண்டாம், காய்ந்து விறைத்து மடிப்பில் வெடிக்கும். பொலியூரித்தேன் பசை வாங்கி, மேலே பாரம் வைத்து ஒரு முழு இரவு விடுங்கள். பீவீசி மெத்தை என்றால் பீவீசிக்கான பசை.

வெள்ளவத்தையிலிருந்து:
5 வீதத்துக்கு மெத்தை தளரும், ஐயா, இடுப்பு நிலத்தில் முட்டாது. நுரையைக் கண்ணால் பார்த்தேன். அடுத்த இரவும் ரயில் ஓயும்வரை இருந்து அதே இடத்தைத் தேடிப் பிடித்தேன். இம்முறை வட்டம் போடவில்லை, நான்கு புறமும் நூல் அளவு டேப் ஒட்டிவிட்டுத்தான் துடைத்து, ஒட்டுப் போட்டேன். மூன்று நாளாக ஊதியபடி கட்டிலுக்கடியில் கிடக்கிறது. இன்று காலையும் அழுத்திப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருக்கிறது.