காற்று வேர்த்தொட்டியில் பட்டர் ஃப்ரூட் கன்று: ஈரம் நிற்க என்ன வழி?

எல்லோருக்கும் வணக்கம். பழனி மலையில் இருக்கும் தாண்டிக்குடியில் காப்பித் தோட்டத்து ஓரமாகச் சின்ன நாற்றங்கால் வைத்திருக்கிறேன். போன வருஷம் கறுப்பு பாலித்தீன் பையில் வளர்த்த பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) கன்றுகளை நடும்போது பையைக் கிழித்தால், அடியில் வேர் சும்மாடு மாதிரி சுற்றிக் கிடந்தது. நட்டதில் பாதி தேறவில்லை.

சரி என்று இந்த முறை பழைய தக்காளி கிரேட்டுக்குள் பச்சை நிழல்வலையை விரித்து, மண் நிரப்பி, செங்கல் மேல் தூக்கி வைத்தேன்; இதைத்தான் காற்று வேர்த்தொட்டி என்கிறேன். வேர் நுனி வலை ஓட்டையில் காற்றைத் தொட்டதும் காய்ந்து நின்றுவிடுகிறது; அதற்குப் பின்னால் பக்க வேர்கள் கிளைக்கின்றன. ஒரு கன்றை எடுத்துப் பார்த்தேன், சுற்றலே இல்லை. (சோம்பல்பட்டுத் தரையிலேயே வைத்த ஒரு கிரேட்டில் மட்டும் வேர் நேரே நிலத்துக்குள் இறங்கிவிட்டது!)

சிக்கல் தண்ணீர்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கவலையில்லை. மாசிக் காற்றில், காலையில் ஊற்றியது சாயங்காலத்துக்குள் ஓரமெல்லாம் உலர்ந்துவிடுகிறது. தென்னை நார்க்கழிவை அதிகமாக்கலாம் என்றால், ஈரம் தங்கினால் பட்டர் ஃப்ரூட்டுக்கு வேர் அழுகல் வந்துவிடுமே என்று பயம். இப்போது செம்மண் இரண்டு பங்கு, மக்கிய சாணம் ஒன்று, நார்க்கழிவு ஒன்று.

கலவையில் எதை மாற்றலாம்? பக்கங்களைச் சாக்கால் மூடி அடியை மட்டும் திறந்துவிட்டால் பக்கத்தில் வேர் மறுபடி சுற்றுமா? துணிப்பையில் வளர்த்தவர்கள் இருக்கிறீர்களா, அதில் ஈரம் கொஞ்சம் நிற்குமா? மலையில் செய்து பார்த்தவர்கள் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும். சமவெளிக் கணக்கு இங்கே ஒத்துவருவதில்லை. வேர்ப் படம் இருந்தால் அதையும் போடுங்கள்.