அன்சிபிளில் எழுதிய ஹோஸ்ட்ஸ் ஃபைல் தானாக அழிகிறது, அவசரம்

ஓடும்_டெர்மினல்:
வணக்கம். 14 சர்வர்களுக்கு ஈடிசி ஹோஸ்ட்ஸ் ஃபைலை (எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்ற பட்டியல்) அன்சிபிள் (பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் டூல்) டெம்ப்ளேட் வழியாக எழுதுகிறேன். ஓடி முடியும்போது ஒரு சிவப்பு வரிகூட வராது. இன்று காலை பார்த்தால் மூன்று சர்வர்களில் நான் எழுதிய எதுவுமே இல்லை, டேட்டாபேஸ் சர்வரின் பெயர் கிடைக்காமல் ஆப் விழுந்துவிட்டது. பிளேபுக்கை (அன்சிபிள் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல்) மறுபடி ஓட்டினேன், சரியாகிவிட்டது. போன வாரமும் இதே கதைதான். என்ன காரணம்? சீக்கிரம் சொல்லுங்கள், மேனேஜர் பக்கத்திலேயே நிற்கிறார்.

கிழக்குவாசல்:
எந்த ஓஎஸ், எந்த வெர்ஷன்? சொந்த மெஷினா, கிளவுடா? அந்த மூன்றுக்கும் மற்ற 11-க்கும் என்ன வித்தியாசம்? டெம்ப்ளேட்டையும் போடுங்கள்.

நள்ளிரவு_ஷிஃப்ட்:
என்எஸ்சிடி (பெயர்த் தேடலின் பதில்களைச் சேமித்து வைக்கும் சேவை) ஓடுகிறதா பாருங்கள். பழைய பதிலை கேஷில் வைத்துக்கொண்டு படுத்தும். எங்களிடம் ஒரு முறை நாள் முழுக்க அலைய வைத்தது, கடைசியில் அதை ரீஸ்டார்ட் செய்ததும் தீர்ந்தது.

கிழக்குவாசல்:
கேஷ் என்றால் ஃபைலில் வரி இருக்கும், பதில்தான் தப்பாக வரும். இவருக்கு ஃபைலிலேயே வரி இல்லையே.

ஜின்ஜா_பிரியன்:
என் சந்தேகம் லிமிட் (சில சர்வருக்கு மட்டும் ஓட்டும் ஆப்ஷன்) மேல். டெம்ப்ளேட்டில் எல்லா ஹோஸ்டையும் சுற்றிவந்து ஹோஸ்ட்வார்ஸிலிருந்து (ஒவ்வொரு சர்வரைப் பற்றியும் அன்சிபிள் வைத்திருக்கும் விவரங்கள்) ஐபி எடுக்கிறீர்களா? லிமிட் போட்டு மூன்று சர்வருக்கு மட்டும் ஓட்டினால் மற்றவற்றின் ஃபேக்ட்ஸ் (ஐபி போல சர்வரிடமே கேட்டு எடுக்கும் தகவல்கள்) சேகரமாகாது. சாதாரணமாக அங்கே பிழை வந்து நின்றுவிடும். ஆனால் நடுவில் யாராவது 'இருந்தால் மட்டும் எழுது' என்று ஒரு இஃப் வைத்திருந்தால், சத்தமே இல்லாமல் அந்த வரிகளை விட்டுவிட்டு ஃபைலை எழுதி முடித்துவிடும். யாராவது லிமிட் போட்டு ஓட்டினார்களா என்று கேளுங்கள்.

மூத்த_ரூட்:
முதலில் 14 சர்வருக்கு ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் தள்ளுவதே தவறான வழி. ஊர் முழுக்க ஒரே ஹோஸ்ட்ஸ் ஃபைலைச் சுற்றவிட்டு, அது தாங்காது என்று தெரிந்துதான் 1983-ல் டிஎன்எஸ்ஸை (பெயரைக் கேட்டால் ஐபி சொல்லும் நெட்வொர்க் சேவை) வடிவமைத்தார்கள். அடிப்படையைப் படிக்காமல் டூலைக் கையில் எடுத்தால் இப்படித்தான் ஆகும். உள்ளுக்குள் ஒரு டிஎன்எஸ் சர்வர் வையுங்கள், இந்தக் கேள்வியே வராது.

கிழக்குவாசல்:
ஐயா, அவர் ஆப் விழுந்து கிடக்கிறது. டிஎன்எஸ் நல்லதுதான், இன்று மதியத்துக்குள் ஆகிற வேலையா அது? தவிர, டேட்டாபேஸ் சர்வர்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க நெட்வொர்க்கில் இன்னொரு சேவையை நம்ப வேண்டாம் என்று வேண்டுமென்றே ஹோஸ்ட்ஸில் வைப்பவர்கள் நிறைய பேர். 14 பெயர் ஒன்றும் பெரிய சுமையில்லை.

பொம்மலாட்டம்:
பப்பெட்டில் (அன்சிபிள் போன்ற இன்னொரு டூல்) இந்தத் தொல்லை இல்லை. சர்வரிலேயே ஓடும் அதன் ஏஜென்ட் 30 நிமிடத்துக்கு ஒருமுறை தானே வந்து பார்க்கும், யார் அழித்தாலும் திரும்ப எழுதும். ஹோஸ்ட் ரிசோர்ஸ் ஒவ்வொரு வரியாகக் கவனிக்கும், முழு ஃபைலையும் தொடாது.

ஜின்ஜா_பிரியன்:
அழிப்பது யார் என்று தெரியாமல் அரை மணிக்கு ஒருமுறை திரும்ப எழுதினால் அது மருந்தா? அந்த அரை மணி நேரம் ஆப் விழுந்துதானே கிடக்கும். அந்த ஹோஸ்ட் ரிசோர்ஸும் பப்பெட் 6-லிருந்து தனி மாட்யூலாகப் போய்விட்டது, அதையும் சொல்லுங்கள்.

பொம்மலாட்டம்:
தனி மாட்யூல் என்றால் ஒழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நாங்கள் இன்னும் பயன்படுத்துகிறோம்.

ஓடும்_டெர்மினல்:
மன்னிக்கவும், மீட்டிங்கில் இருந்தேன். உபுண்டு 22.04, வாடகை கிளவுட். லிமிட் யாரும் போடவில்லை. அந்த மூன்றும் போன மாதம் புதிதாக எடுத்தவை. நேற்றிரவு கர்னல் பேட்சுக்காக 14-ஐயும் ரீபூட் செய்தோம். போன வாரமும் செய்தோம். இது முக்கியமா?

தேங்காய்நார்:
அதுதான் முக்கியம்! கிளவுட்-இனிட் (கிளவுட் மெஷின் பூட் ஆகும்போது அதை அமைக்கும் புரோகிராம்) வேலை இது. அதன் கான்ஃபிகில் மேனேஜ்_ஈடிசி_ஹோஸ்ட்ஸ் என்பது ட்ரூ என்று இருந்தால், ஒவ்வொரு பூட்டிலும் ஈடிசி கிளவுட் டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் டெபியன் டெம்ப்ளேட்டை வைத்து ஹோஸ்ட்ஸ் ஃபைலை முதலிலிருந்து எழுதிவிடும். அப்படி எழுதிய ஃபைலின் தலையிலேயே இந்த விஷயத்தைக் கமென்ட்டாகச் சொல்லியிருக்கும். நீங்கள் பிளேபுக்கை மறுபடி ஓட்டிவிட்டதால் அந்தத் தடயம் போயிருக்கும். டெம்ப்ளேட் டாஸ்க்கில் பேக்கப் போட்டிருந்தால் பழைய ஃபைல் தேதியோடு அங்கேயே கிடக்கும், திறந்து பாருங்கள்.

சரி செய்ய, கிளவுட்.சிஎஃப்ஜி.டி ஃபோல்டரில் சின்னதாக ஒரு ஃபைல் வைத்து ஃபால்ஸ் ஆக்குங்கள். அதையும் அன்சிபிளிலேயே செய்யுங்கள், கையால் செய்தால் அடுத்து எடுக்கும் சர்வரில் மறந்துபோகும். ஆனால் மெஷின் எடுக்கும்போது கொடுத்த யூசர்-டேட்டாவிலேயே ட்ரூ இருந்தால் அதுதான் ஜெயிக்கும். அப்போது அந்த டெபியன் டெம்ப்ளேட்டுக்குள்ளேயே உங்கள் வரிகளைச் சேர்ப்பது நல்லது.

அப்புறம் இன்னொன்று. கிளவுட்-இனிட் எழுதும் ஃபைலில் 127.0.1.1-க்கு (மெஷின் தன்னோடு மட்டுமே பேசும் முகவரி) நேராக மெஷினின் சொந்தப் பெயர் இருக்கும். கிளஸ்டர் சாஃப்ட்வேர் எதுவும் தன் பெயரைத் தேடி அந்த முகவரியில் போய் உட்கார்ந்துகொண்டால் மற்ற மெஷின்களால் அதைத் தொடவே முடியாது. சோதிக்கும்போது டிக், என்எஸ்லுக்கப் கமாண்டுகள் வேண்டாம், அவை ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்து பார்ப்பதில்லை. கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் கமாண்ட் போட்டுப் பாருங்கள்.

மூத்த_ரூட்:
ரீபூட் செய்ததை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் நானே சொல்லியிருப்பேன். டிஎன்எஸ் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.

நள்ளிரவு_ஷிஃப்ட்:
இருந்தாலும் என்எஸ்சிடியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஓடும்_டெர்மினல்:
ட்ரூ என்றுதான் இருந்தது. ஃபால்ஸ் ஆக்கி ஒன்றை ரீபூட் செய்தேன், வரிகள் அப்படியே இருக்கின்றன. மிக்க நன்றி தேங்காய்நார்.

தேங்காய்நார்:
மகிழ்ச்சி. எந்த இடத்தில் ட்ரூ இருந்தது, யூசர்-டேட்டாவிலா, இமேஜிலேயேவா (மெஷின் உருவாக்கும் மூலப் பிரதி)? இமேஜில் என்றால் இனி எடுக்கும் மெஷின் எல்லாவற்றிலும் வரும். மற்ற இரண்டையும் ரீபூட் செய்து பார்த்தீர்களா?

ஜின்ஜா_பிரியன்:
டெம்ப்ளேட்டில் அந்த இஃப் இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

கிழக்குவாசல்:
நாலு நாள் ஆயிற்று. @ஓடும்_டெர்மினல், மற்ற இரண்டு என்ன ஆயின?