ஆம்ப், பெடல் இல்லாமல் ஐபேடை மட்டும் வைத்துக் கச்சேரியில் கிட்டார் வாசிக்க முடியுமா?

ஆறுகம்பி

வணக்கம் நண்பர்களே. திருநெல்வேலிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசிக்கிறேன். கல்யாண வரவேற்பு, கோயில் கொடை என்று மாதத்துக்கு நாலைந்து மேடை கிடைக்கும். சொந்த ஆம்ப் (கிட்டாருக்கான ஒலிபெருக்கி) கிடையாது. ஓவர்டிரைவ், கோரஸ், டிலே என்று சத்தத்தை மாற்றும் மூன்று பெடல்களைக் கோத்து நேராக மிக்சரில் கொடுத்துவிடுவேன். 80களின் மெலடிப் பாட்டுக்குக் கோரஸ் போட்ட க்ளீன் சத்தம் பரவாயில்லை, ஆனால் குத்துப்பாட்டு வந்து டிஸ்டார்ஷனுக்காக (கரகரப்பான சத்தத்துக்காக) ஓவர்டிரைவை மிதித்தால் தகரத்தைச் சுரண்டுவது போல இருக்கிறது, எனக்கே காது கூசுகிறது.

வீட்டில் 9ஆம் தலைமுறை ஐபேடும் கிட்டாரை ஐபேடோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸான மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட் சோலோவும் இருக்கின்றன. ஆம்ப், பெடல் சத்தங்களைத் தரும் பயஸ் எஃப்எக்ஸ் 2 ஆப்பைப் போட்டு ஹெட்ஃபோனில் கேட்டால் அவ்வளவு அருமையான சத்தம். இதையே மேடைக்குக் கொண்டு போகலாமா? லேட்டன்சி, அதாவது கம்பியை மீட்டியபின் சத்தம் வரும் தாமதம், காதுக்குத் தெரியுமா? பாட்டின் நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது? எங்கள் குழுவின் கீபோர்ட் அண்ணன் வேண்டவே வேண்டாம் என்கிறார். மேடையில் இப்படி வாசித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வைகைக்கரை_ஸ்ட்ராட்

தாராளமாகக் கொண்டு போகலாம் தம்பி, நான் ஆறு வருடமாக இப்படித்தான் வாசிக்கிறேன். சத்தத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். உங்கள் டிஸ்டார்ஷன் சுரண்டுவதற்குக் காரணம் பெடல் அல்ல, நடுவில் கேபினட் (கிட்டார் ஸ்பீக்கர் பெட்டி) இல்லாததுதான். கிட்டார் ஸ்பீக்கர் மேல் அலைவரிசைகளை நன்றாக வெட்டிவிடும், மிக்சர் அப்படியே வெளியே விட்டுவிடும். ஆப்பில் இருக்கும் கேபினட் சிமுலேஷன் அந்த வேலையைச் செய்வதால்தான் ஹெட்ஃபோனில் இனிமையாகக் கேட்கிறது. மிக்சருக்குப் போகும்போது அதை ஆன் செய்தே வைத்திருங்கள். எங்காவது உண்மையான ஆம்ப் கிடைத்து அதன் முன் இன்புட்டில் செருகினால் மட்டும் ஆஃப் செய்யுங்கள், இல்லையென்றால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல இருக்கும்.

லேட்டன்சி பற்றி ஒரு சின்னக் கணக்கு. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (ஒலியைச் சேர்த்து வைத்து ஒரு தடவையில் கையாளும் அளவு) என்றால் சுமார் 2.7 மில்லிசெகண்ட். உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை, இன்டர்ஃபேஸ் எடுத்துக்கொள்வது எல்லாம் சேர்ந்து 10 மில்லிசெகண்டை ஒட்டி வரும். காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர்தான் போகும். அப்படியானால் மூன்று மீட்டர் பின்னால் ஆம்ப் வைத்து வாசிப்பதும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். ப்ளூடூத் ஹெட்ஃபோன், ப்ளூடூத் ஸ்பீக்கர் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள், தாளத்தோடு சேராது.

இனி முக்கியமான விஷயம், கரன்ட். உங்கள் ஐபேடில் லைட்னிங் துளை ஒன்றுதான், அது கொடுக்கும் மின்சாரம் சோலோவுக்குப் போதாது. சார்ஜரும் செருக வசதியுள்ள லைட்னிங் டு யூஎஸ்பி 3 கேமரா அடாப்டர் வாங்குங்கள். சத்தத்தைக் காலால் மாற்ற, ஆப்புக்குக் கட்டளை அனுப்பும் யூஎஸ்பி மிடி ஃபுட் கன்ட்ரோலரும் வைப்பதாக இருந்தால் தனி கரன்ட் உள்ள ஹப் ஒன்றும் வேண்டும். ப்ளூடூத் கன்ட்ரோலர் வேலை செய்யும், ஆனால் கூட்டத்தில் இரண்டு முறை எனக்குத் தொடர்பு அறுந்திருக்கிறது, அதிலிருந்து வயர்தான். திரையைத் தொட்டு மாற்றலாம் என்ற நினைப்பே வேண்டாம், வியர்த்த விரல் படுவது திரைக்குச் சரியாகப் புரியாது.

ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு ப்ரீசெட் (ஆப்பில் சேமித்து வைக்கும் அமைப்பு) என்று வைத்தால் மாற்றும்போது நொடிப்பொழுது சத்தம் அறுந்துவிடுகிறது. அதனால் ஒரே ப்ரீசெட்டில் டிரைவ், கோரஸ், டிலே, லீட் பூஸ்ட் (லீட் வாசிக்கும்போது சத்தத்தைக் கூட்டுவது) எல்லாவற்றையும் வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு சுவிட்சுக்குக் கொடுத்திருக்கிறேன். பெடல் மிதித்துப் பழகிய காலுக்கு இதுதான் வசதி.

அப்புறம் ஒரு சித்திரைக் கொடையில் நடந்தது. சவுண்ட் செக் மாலை நாலு மணிக்கு, டேப்லெட்டைக் கறுப்பு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வெயிலில் வைத்துவிட்டேன். சூடு தணிந்தால்தான் வேலை செய்வேன் என்று திரை அணைந்துவிட்டது. இருபது நிமிடம் நிழலில் வைத்து விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் வரம்பே 35 டிகிரி செல்சியஸ்தான், நம் ஊர் மே மாதத்தில் நிழலே அதைத் தாண்டும். இப்போதெல்லாம் மைக் ஸ்டாண்டில் கிளாம்ப் போட்டு இடுப்பளவில் மாட்டி, பின்பக்கம் காற்றுப் படும்படி வைக்கிறேன். கேபிளை ஸ்டாண்டில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிவிடுங்கள், யாராவது தடுக்கினாலும் துளையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வராது.

ஏரோப்ளேன் மோட், ஆட்டோ லாக் நெவர், ஆட்டோமேட்டிக் அப்டேட் ஆஃப், இந்த மூன்றையும் மறக்காதீர்கள். கைடட் ஆக்சஸ் போட்டுவிட்டால் தவறிக் கை பட்டாலும் ஆப்பை விட்டு வெளியே போகாது.

பழைய_பெடல்

நான் கீபோர்ட் அண்ணன் பக்கம். ஐபேட், அடாப்டர், ஹப், இன்டர்ஃபேஸ், கன்ட்ரோலர், இவற்றை இணைக்க நாலைந்து வயர். இதில் எது கழன்றாலும் கிட்டார் ஊமைதான். கொடை மேடையில் அடுத்த பாட்டுக்குப் பத்து நொடிகூடக் கொடுக்க மாட்டார்கள், அங்கே குனிந்து வயர் தேட முடியுமா? ஜூம் ஜி1எக்ஸ் ஃபோர் மாதிரி ஒரு சின்ன மல்டி எஃபெக்ட் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு ஏஏ பேட்டரியிலேயே ஓடும், கேபினட் சிமுலேஷனும் உண்டு, ‘வா-வா’ என்று சத்தத்தை வளைக்கும் வா எஃபெக்டை மிதிக்கவும் பெடல் கூடவே இருக்கிறது. ஐபேடின் சத்தம் இதைவிட நன்றாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பந்தலில் பத்தாவது வரிசையில் இருப்பவருக்கு அந்த வித்தியாசம் போய்ச் சேருமா என்று யோசித்துப் பாருங்கள்.

வைகைக்கரை_ஸ்ட்ராட்

பத்தாவது வரிசைக்குச் சேராமல் போகலாம் அண்ணா, வாசிக்கிறவனுக்குச் சேருகிறதே. மானிட்டரில் நல்ல சத்தம் கேட்டால் அன்றைக்குக் கை தானாக ஓடுகிறது. ஆனால் மாற்று ஏற்பாடு வேண்டும் என்பதில் நீங்கள் சொல்வது சரி. நானும் பையில் ஒரு சின்ன எஃபெக்ட் ப்ராசஸர் இல்லாமல் போவதில்லை.

மிக்சர்_மேசை

நான் மறுபக்கத்தில் உட்காருகிறவன், சவுண்ட் வேலை. சோலோவின் பின்பக்க அவுட் பேலன்ஸ்டு (நீள வயரில் இரைச்சல் ஏறாமல் தடுக்கும் வகை), அதனால் சாதாரண கிட்டார் வயர் போடாமல் இரண்டு கறுப்பு வளையம் உள்ள டிஆர்எஸ் முனை கொண்ட வயர் போடுங்கள். மிக்சர் 30 மீட்டர் தள்ளி இருக்கும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும். நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி) வைத்தால் இன்னும் நல்லது. அது இல்லாமல் நேராக எக்ஸ்எல்ஆரில் (மிக்சரின் மைக் துளையில்) கொடுப்பதானால் அந்த சேனலில் மைக்குகளுக்காக அனுப்பும் 48 வோல்ட் ஃபான்டம் மின்சாரம் அணைந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், இன்டர்ஃபேஸின் அவுட்டுக்கு அது நல்லதல்ல.

ஹெட்ஃபோனில் செய்த ப்ரீசெட்டை அப்படியே கொண்டு வராதீர்கள். ரிவர்பை (எதிரொலி எஃபெக்டை) பாதியாக்குங்கள், மண்டபமே வேண்டிய அளவு எதிரொலி கொடுக்கும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அந்த இடம் பாஸுக்கும் கிக் டிரம்முக்கும் வேண்டும். லீட் பூஸ்ட் 3, 4 டெசிபல் போதும், அதற்கு மேல் போனால் நான் மிக்சரில் உங்கள் ஃபேடரை (சத்த அளவை) இறக்க வேண்டியிருக்கும், அடுத்த பாட்டில் உங்கள் க்ளீன் சத்தம் காணாமல் போகும்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. ஜெனரேட்டர் மேடையில் எர்த் இருக்கிறதா என்று கேட்காமல் கிட்டாரைத் தொடாதீர்கள். உங்கள் பொருட்களுக்கும் மிக்சருக்கும் ஒரே லைனிலிருந்து கரன்ட் எடுங்கள். கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு படும்போது சுள்ளென்று இழுத்தால் வாசிப்பதை அங்கேயே நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.

ஆறுகம்பி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ஒரு வரவேற்பில் வாசித்துவிட்டேன், அதனால்தான் தாமதம். சார்ஜரைச் செருகியதும் பெரிய இரைச்சல், எர்த் பின் இல்லாத இரண்டு பின் சார்ஜர் அது. பிடுங்கினால் போய்விட்டது. அப்புறம் அடாப்டருக்குப் பவர் பேங்கிலிருந்து கரன்ட் கொடுத்து மூன்று மணி நேரமும் வாசித்தேன், ஒரு முறைகூட நிற்கவில்லை. பழைய பெடல்களையும் பையில் வைத்திருந்தேன், எடுக்க வேண்டி வரவில்லை. முதல் குத்துப்பாட்டில் டிரைவை மிதித்ததும் கீபோர்ட் அண்ணன் திரும்பிப் பார்த்தார். இடைவேளையில் வந்து அந்த ஆப்பின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.