ஏழை வீட்டுப் பிள்ளையின் ஆசையை மட்டும்தான் இந்த நாவல்கள் தண்டிக்கின்றனவா?

கேள்வி: தண்டையார்பேட்டை வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதிக் கல்லூரி மாணவர்கள் சிலருடன் சேர்ந்து நாவல்களை வாசித்து விவாதித்து வருகிறேன். அண்மையில் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’யை (1925) முடித்தோம். வடக்கு டகோட்டாவில் வசதியற்ற விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன், பெயரை மாற்றிக்கொண்டு, மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சாராயம் விற்றுப் பெரும் பணம் சேர்த்து, தான் விரும்பிய பணக்காரப் பெண்ணின் உலகத்துக்குள் நுழைய முயன்று, கடைசியில் சுடப்பட்டுச் சாகிறான். பரம்பரைப் பணக்காரர்களான அந்தப் பெண் டெய்சியும் அவள் கணவன் டாமும் ஒன்றும் நடவாததுபோல ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய மாணவி ஒருத்தி, “மேலே வர நினைத்தால் கெட்டழிவாய் என்றுதானே இந்தக் கதை நம்மைப் போன்றவர்களுக்குச் சொல்கிறது?” என்று கேட்டாள். அந்தக் காலத்து அமெரிக்க நாவல்கள் எல்லாமே இப்படித்தானா? வாசித்தவர்கள் விளக்கினால் அவளிடம் சொல்ல உதவியாக இருக்கும்.

பதில் 1: எண்ணூர்க்காரன்

சகோதரி, அந்த நாவலில் வரும் சாம்பல் வெளியை உங்கள் மாணவர்கள் மறுபடியும் வாசிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். மாளிகைகளுக்கும் நியூயார்க் நகரத்துக்கும் நடுவே கிடக்கும் அந்த இடம் வெறும் கற்பனை அல்ல. குவீன்ஸ் பகுதியின் கொரோனாவில் நகரத்து உலைகளின் நிலக்கரிச் சாம்பலைக் கொட்டிய மேடுகளே அதற்கு மூலம். பின்னாளில் அவற்றைச் சமன்படுத்தித்தான் 1939ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியை நடத்தினார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிவதைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு, அங்கே கார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கும் வில்சனை யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

டெய்சி ஓட்டிய கார் வில்சனின் மனைவியைக் கொல்கிறது. அது கேட்ஸ்பியின் கார் என்று டாம் சொல்லிவிட, வில்சன் கேட்ஸ்பியைச் சுட்டுவிட்டுத் தானும் சாகிறான். ஆக, செத்த மூவருமே கீழிருந்து வந்தவர்கள். இதை ஆசிரியரின் தீர்ப்பாக நான் வாசிக்கவில்லை, குற்றச்சாட்டாகவே வாசிக்கிறேன். சிறுவயதில் கேட்ஸ்பி எழுதிவைத்த நாள் அட்டவணையைத் தந்தை கடைசியில் எடுத்துக் காட்டுகிறாரே, அதில் உடற்பயிற்சி, மின்சாரம் பற்றிய படிப்பு, வாரச் சேமிப்பு, பெற்றோரிடம் இன்னும் நன்றாக நடந்துகொள்வது ஆகியவைதான் இருக்கின்றன. 1906ஆம் ஆண்டுத் தேதியிட்ட அந்தப் பையனின் ஆசையில் ஒரு களங்கமும் இல்லை. சூதாட்டத் தரகன் வுல்ஃப்ஷைமின் கூட்டாளியாக அவன் மாறியது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான்.

பதில் 2: பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்

எண்ணூர் நண்பர் சொல்வதை ஓரளவுதான் ஏற்கிறேன். கேட்ஸ்பியின் காதல் அவன் செய்த தொழிலை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. ஒருவன் எந்த இடத்தில் கெட்டுப்போகிறான் என்பதைப் பார்க்க, அதே 1925இல் வந்த தியோடர் டிரைசரின் ‘ஆன் அமெரிக்கன் டிராஜெடி’யை வாசியுங்கள்.

தெருவில் மதப் பிரசாரம் செய்யும் பெற்றோரின் மகன் கிளைட், ஓட்டலில் பெட்டி தூக்கும் வேலை பார்த்து, பிறகு பணக்காரப் பெரியப்பாவின் சட்டைக் காலர் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன் ஆகிறான். தன் கீழ் வேலை செய்யும் பெண்களுடன் பழகக் கூடாது என்பது அங்கே விதி. அதை மீறி ராபர்ட்டாவுடன் பழகுகிறான், அவள் கருவுறுகிறாள். அதற்குள் ஊரின் பெரிய வீட்டுப் பெண்ணான சோண்ட்ரா அவனைத் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறாள். ராபர்ட்டாவைக் கொல்லத் திட்டமிட்டு ஏரிக்கு அழைத்துச் செல்லும் கிளைட்டுக்குக் கடைசி நொடியில் கை வரவில்லை. ஆனால், நெருங்கி வந்தவளை அவன் தள்ளிவிட, கையிலிருந்த கேமரா அவள்மேல் பட்டு, படகும் கவிழ்கிறது; காப்பாற்றக்கூடிய தொலைவில் இருந்தும் அவன் நீந்திக் கரையேறிவிடுகிறான். கடைசியில் மின்சார நாற்காலியில் சாகிறான். 1906இல் நியூயார்க் மாநிலத்தில் நடந்து, 1908இல் மரண தண்டனையில் முடிந்த உண்மை வழக்கே இதற்கு அடிப்படை.

சட்டை தைக்கும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவன் என்பதால், அவர்கள் முதலில் பழகும் பகுதியை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. கிளைட்டும் ராபர்ட்டாவும் ஒரே வறுமையிலிருந்து வந்தவர்கள். தன்னைப் போன்றவளையே தடையாக எண்ணத் தொடங்குகிறானே, அவனுடைய வீழ்ச்சி அங்கே தொடங்குகிறது. ஏரிக்குப் போகும்போது அது முக்கால்வாசி முடிந்துவிட்டது. மாணவியிடம் இதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

பதில் 3: ராயபுரம், ஓய்வுபெற்ற ஆசிரியை

அன்புள்ள வாசகிக்கு, ஆண்களின் கதையோடு நிறுத்திவிடாதீர்கள். ஈடித் வார்ட்டனின் ‘தி ஹவுஸ் ஆஃப் மிர்த்’ (1905) மேட்டுக்குடிக்குள்ளேயே பிறந்த ஒருத்தியைப் பற்றியது. லில்லி பார்ட்டுக்குக் கையில் பணம் இல்லை, வயது இருபத்தொன்பது, நல்ல இடத்தில் கல்யாணம் செய்துகொள்வதைத் தவிர வேறெதற்கும் அவளை வளர்க்கவில்லை. முதலீட்டு லாபம் என்று சொல்லித் தோழியின் கணவர் டிரெனர் கொடுத்த பணம் உண்மையில் அவருடைய சொந்தப் பணம் என்றும், அதற்குக் கைம்மாறு எதிர்பார்க்கிறார் என்றும் அவளுக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது. அவள் பெயரைக் கெடுத்த பெர்த்தாவின் ரகசியக் கடிதங்கள் அவளிடம் இருக்கின்றன. அவற்றைக் காட்டி மிரட்டினால் இழந்த இடம் திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் அவள் அவற்றை நெருப்பில் போடுகிறாள். அத்தை விட்டுச்சென்ற பத்தாயிரம் டாலரையும் டிரெனரின் கடனுக்கே ஒதுக்கிவிட்டு, தூக்க மருந்து அளவு மீறிப்போய் இறந்துவிடுகிறாள்.

இங்கே தண்டனை கிடைப்பது கெட்டுப்போக மறுத்தவளுக்கு. எனவே எல்லா நாவல்களையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது என்பதே என் கருத்து. ஹவல்ஸின் நாவலில் (1885) வரும் சைலஸ் லாஃபமும் பெயின்ட் வியாபாரத்தில் சேர்த்த செல்வத்தை, வாங்க வந்தவர்களை ஏமாற்ற மனமில்லாமல் இழக்கிறார். ஆனால் உயிரோடு, குடும்பத்தோடு ஊர் திரும்புகிறார்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா சொன்ன லில்லியின் கதையை அந்த மாணவியிடம் தொலைபேசியில் சொன்னேன். “லாஃபம் ஊர் திரும்பலாம், லில்லிக்குத் திரும்ப ஊர் ஏது?” என்று உடனே கேட்டாள். அடுத்ததாக வார்ட்டனையே எடுத்துக்கொள்கிறோம். டிரைசரின் நாவல் மிகப் பெரியது என்பதால் அதைக் கல்லூரி விடுமுறையில் தொடங்கலாம் என்றிருக்கிறோம்.