இந்திராநகர் குடும்பக் குழு: கயாக்குக்குச் சுக்கான் வேண்டுமா?

கார்த்திக்: மாமா, பழைய கடல் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய படகு) ஒன்று விலைக்கு வருகிறது. 16 அடி, ஸ்கெக் உண்டு, சுக்கான் இல்லை. சுக்கான் இல்லாமல் எப்படித் திருப்புவது?

சேகர் மாமா: திருப்பச் சுக்கான் எதற்குடா? பக்கக் காற்றில் நேராகப் போகத்தான் அது. படகு ஓடும்போது முன்பக்கம் தண்ணீரில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் அந்தப் பிடிப்பில்லாமல் காற்றில் ஒதுங்கும். அதனால் படகு தானாகவே காற்றைப் பார்த்துத் திரும்பிவிடும். காலால் மிதித்துச் சுக்கானைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் அப்படித் திரும்புவது நிற்கும்.

வித்யா: அப்போ ஸ்கெக் என்ன செய்யும்?

சேகர் மாமா: அடியிலிருந்து இறங்கும் தகடும்மா. இடம் வலம் அசையாது. முழுக்க இறக்கினால் படகு காற்றை விட்டு விலகும், ஏற்றிவிட்டால் காற்றை நோக்கும். நேராகப் போக நடுவில் ஓர் அளவு இருக்கும், அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

கார்த்திக்: சரி, திருப்புவது?

சேகர் மாமா: இடுப்பால். படகை வலது பக்கம் சாய்த்துக்கொண்டு அந்தப் பக்கமே துடுப்பை அகலமாக வளைத்து இழு, படகு இடது பக்கம் திரும்பும். கிரீன்லாந்து வேட்டைக்காரர்கள் தோல் போர்த்திய படகில் சுக்கான் இல்லாமல்தான் சீல் வேட்டைக்குப் போனார்கள். முதலில் இதைப் பழகு. சுக்கானை நம்பியே பழகினால், நடுத் தண்ணீரில் அதன் கம்பி அறுந்த அன்று கை ஓடாது.

கமலா சித்தி: அண்ணா, போன முறை காவிரிக்கரை பீமேஸ்வரியில் துடுப்புப் போட்டதில் எனக்குத் தோள் பிடித்துக்கொண்டது.

சேகர் மாமா: அங்கே கொடுத்த துடுப்பில் அலகு, அதாவது தண்ணீரைத் தள்ளும் தட்டைப் பகுதி, அகலம், கமலா. செங்குத்தாகப் போட்டால் சட்டென்று வேகம் கிடைக்கும். ஆனால் மேல் கை முகம் வரை ஏறும். உனக்குக் கிரீன்லாந்துத் துடுப்புதான் சரி. மரம், அலகு நாலு விரல் அகலம்தான், அதனால் ஒவ்வொரு இழுப்பும் மெதுவாகவே கனக்கும். கை தோளுக்குக் கீழேயே இருக்கும். அலகின் மேல் விளிம்பை முன்னால் லேசாகச் சாய்த்து இழுக்க வேண்டும், நேராகப் பிடித்தால் தடதடவென்று ஆடும்.

கமலா சித்தி: என்ன நீளம் வாங்க?

சேகர் மாமா: இரண்டு கையையும் விரித்த நீளம், அதோடு உன் கையால் ஒரு முழம். கிரீன்லாந்தில் பழைய அளவே அதுதான்.

வித்யா: பந்தயத்தில் கரண்டி மாதிரி வளைந்த ஒன்று வைத்திருக்கிறார்களே?

சேகர் மாமா: விங் துடுப்பு. 1980களில் ஸ்வீடனில் வந்தது. வேகத்துக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை, ஆனால் படகு சாயும்போது ஊன்றிக்கொள்ள அவ்வளவு வசதிப்படாது. நமக்கு வேண்டாம்.

கார்த்திக்: அப்போ படகை வாங்கலாமா?

சேகர் மாமா: ஏரிக்குத் தாராளமாக வாங்கலாம். ஸ்கெக் இறங்கும் பள்ளத்தில் கூழாங்கல் சிக்கியிருக்கிறதா என்று பார். ஸ்கெக்கை ஏற்றி இறக்கும் கம்பி மடங்கியிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்.

கார்த்திக்: நீங்களும் வாங்களேன் மாமா, ஞாயிறு.

சேகர் மாமா: ஏழு மணிக்குள் கிளம்பினால் வருகிறேன். அப்புறம் ஹெப்பால் பக்கம் நெரிசலில் நகர முடியாது.