லேசர் பொறிப்பில் உங்களை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் சம்பவம் எது?

கருகல்

நானே தொடங்குகிறேன். இயந்திரம் வாங்கி மூன்றாவது வாரம். பலகையில் பெயர் பொறித்துப் பொறித்துச் சலித்துவிட்டது. பழைய கைப்பையிலிருந்து கிழித்த கறுப்பு ரெக்சின் துண்டு ஒன்று கிடந்தது. தோல் மாதிரிதானே என்று வைத்துவிட்டேன். எழுத்து அத்தனை கூர்மையாக வந்தது! கூடவே மூக்கைத் துளைக்கும் ஒரு புளிப்பு நெடி, தொண்டையில் எரிச்சல். ஜன்னலைத் திறந்துவிட்டு அதே துண்டில் இன்னும் இரண்டு பெயர்கள் பொறித்தேன்.

பத்து நாள் கழித்து, தலைப்பகுதி ஓடும் இரும்புத் தண்டை வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் பழுப்புக் கோடு. வாங்கும்போது முகம் பார்க்கலாம் போலிருந்த தண்டு அது. ரெக்சினில் பூசும் பிவிசி பிளாஸ்டிக் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், அது காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம் என்று பிறகுதான் படித்தேன். துரு போகட்டும். அன்று என் மகன் பக்கத்தில் நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அரைமில்லி

என்னுடையதில் உயிருக்கு ஆபத்தில்லை, மானத்துக்குத்தான். 5 வாட் நீல டயோடு லேசர். கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகட்டில் மாமியார் பெயரைப் பொறித்துப் பரிசளிக்கத் திட்டம். ஒரு முறை ஓட்டினேன், தகட்டில் ஒன்றுமில்லை. சக்தியை முழுதாக ஏற்றி, வேகத்தைக் குறைத்து, இன்னும் மூன்று முறை ஓட்டினேன். தகடு அப்படியே பளபளக்கிறது. பழுதான இயந்திரத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே தகட்டைத் தூக்கினால், அடியில் சாப்பாட்டு மேசையில் மாமியார் பெயர். கதிர் குவியும் இடம் தகட்டின் மேல்பரப்பில் இருந்ததால் எழுத்து கொஞ்சம் தடித்திருந்தது, ஆனால் நன்றாகவே படிக்க முடிந்தது.

450 நானோமீட்டர் நீல ஒளிக்கு அந்தத் தகடு ஜன்னல் கண்ணாடி மாதிரி, நேராக ஊடுருவிப் போய்விடும். கறுப்பு அக்ரிலிக் என்றால் பிடித்துக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடு லேசர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் 10,600 நானோமீட்டர் கதிரை நிறமற்ற அக்ரிலிக்கும் விழுங்கிவிடும்.

கூர்முனை

கருகல் அவர்களே, ரெக்சின் என்றாலே பிவிசி என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? பாலியூரிதேன் பூசிய செயற்கைத் தோலும் அதே பெயரில்தான் உலவுகிறது. இரும்புத் தண்டு துருப்பிடிக்க மழைக்கால ஈரமே போதும். ஒரு துண்டு கருகியதற்கு இத்தனை பயமுறுத்தல் தேவையா? நான் நான்கு வருடங்களாகப் பொறிக்கிறேன், எந்தப் பிளாஸ்டிக்கும் மல்லிகை மணம் வீசியதில்லை.

கருகல்

ஈரம்தான் காரணம் என்றால் அதே அறையின் ஜன்னல் கம்பியும் துருப்பிடித்திருக்க வேண்டுமே. அது நன்றாகத்தான் இருக்கிறது.

நிதானம்

சண்டை வேண்டாம். என் கதை இரண்டே வரி: தெரிந்தவர் கொடுத்த தோல் துண்டில் பணப்பை செய்யப் போனேன், குரோமிய உப்பால் பதனிட்ட தோல், சுட்டால் நச்சுப் புகை வரலாம் என்று கடைசி நிமிடத்தில் தெரிந்து நிறுத்தினேன். வெட்டிய விளிம்பின் நடுவில் நீலச்சாம்பல் நிறம் தெரிந்தது.

இனி கேட்காமலே கொஞ்சம் சொல்கிறேன். பெயர் தெரியாத பிளாஸ்டிக் கையில் கிடைத்தால் செப்புக் கம்பிச் சோதனை செய்யுங்கள். கம்பியின் ஒரு முனையைக் குறடால் பிடித்து, சுடரில் நிறமே வராத அளவுக்குச் சுட வேண்டும். சூடான கம்பியைப் பிளாஸ்டிக்கில் தொட்டுக் கொஞ்சம் ஒட்டவிட்டு, மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் பெரும்பாலும் குளோரின் இருக்கிறது, அதாவது பிவிசி. வீட்டுக்குள் செய்யாதீர்கள், திறந்த வெளியில், காற்று உங்களுக்குப் பின்னாலிருந்து அடிக்கும்படி நின்று செய்யுங்கள். ஆனால் பச்சை வரவில்லை என்பதற்காக உடனே லேசருக்கு அடியில் வைத்துவிடக் கூடாது. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் குளோரின் கிடையாது, சுடர் பச்சையாகாது. அதைச் சுட்டாலோ ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயு வரும். உருகி நூல் நூலாக இழுத்து அசிங்கமாகவும் போகும். பாலிகார்பனேட் மஞ்சளாகிக் கருகுமே தவிர ஒழுங்காக வெட்டுப்படாது.

புதிதாகத் தொடங்குபவர்கள் 3 மில்லிமீட்டர் பிளைவுட், அட்டை, தாவரப் பட்டையால் பதனிட்ட தோல், கறுப்புக் கற்பலகை, சாயமேற்றிய அனோடைஸ்டு அலுமினியம் (மேலே ஆக்சைடு படலம் ஏற்றியது) இவற்றோடு ஆறு மாதம் ஓட்டலாம். பிளைவுட்டில் ஒட்டுப் பசைதான் வில்லன். ஒரே பலகையில் இந்தப் பக்கம் வெட்டுப்படும், அந்தப் பக்கம் படாது. உள்ளே பசை திரண்டிருக்கும். ஒவ்வொரு புதுப் பலகையிலும் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக, வேகத்தையும் சக்தியையும் மாற்றி மாற்றிச் சோதித்துவிட்டு, எண்களைப் பென்சிலால் பலகையிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் யாரோ தந்த எண் உங்கள் லென்ஸின் அழுக்கை அறியாது.

பெட்டியில் 40 வாட் என்று அச்சடித்திருந்தால் அது மின்சாரம் உறிஞ்சும் அளவா, வெளியே வரும் ஒளியின் அளவா என்று கேளுங்கள். ஒற்றை டயோடிலிருந்து வரும் ஒளி 5, 6 வாட்தான்.

புகைக்கூண்டு

நிதானம் அவர்கள் தீயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே! இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது தொலைபேசி மணி அடித்தது. பக்கத்து அறைதான், இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தபோது லேசர் தலை வழக்கம்போல நகர்ந்துகொண்டிருந்தது, அதன் பின்னாலேயே ஒரு சாண் உயரத் தீ நாய்க்குட்டி மாதிரி தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. அந்தக் காட்சி இன்னும் கனவில் வருகிறது. ஈரத் துணியைப் போர்த்தி அணைத்தேன். மின்சாரத்தைத் துண்டிக்காமலே போர்த்தினேன் என்பது பிறகுதான் உறைத்தது. வெட்டும் இடத்தில் காற்று ஊதும் குழாயை, சத்தம் தாங்காமல், அன்று கழற்றி வைத்திருந்தேன்.

இப்போது கைக்கெட்டும் தூரத்தில் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் இருக்கிறது. பொடித் தீயணைப்பானும் அணைக்கும், ஆனால் லென்ஸ், பெல்ட், மின்சுற்று எல்லாவற்றிலும் பொடி அப்பிவிடும்.

கூர்முனை

தீ விஷயத்தில் மறுபேச்சில்லை. கண் பாதுகாப்புக் கண்ணாடி விஷயத்தில் எனக்கும் ஒரு வடு உண்டு. டயோடு லேசருக்கான ஆரஞ்சுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மெருகேற்றிய எஃகுத் தகட்டில் பொறித்துப் பார்த்தேன். தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை. எதிர்ச் சுவரில் மங்கலான புள்ளி ஒன்று அங்குமிங்கும் ஓடியது. அந்தச் சுவருக்கு முன்னால்தான் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு யார் கண்ணாடி போடுவது? பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் ஒரு வாரம் அதன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கருகல்

மீதமிருந்த ரெக்சின் துண்டைத் தேடி எடுத்து, மொட்டைமாடியில் செப்புக் கம்பிச் சோதனை செய்தேன். பச்சை. மரகதம் போல. மகனைப் பத்தடி தள்ளி நிறுத்திக் காட்டினேன், இன்னொரு முறை செய்யச் சொல்கிறான்.

அரைமில்லி

எல்லாம் சரி, என் மேசைக்கு ஒருவரும் வழி சொல்லவில்லையே. உப்புத்தாளால் தேய்த்தால் பெயர் போகுமா, இல்லை குழி விழுந்துவிடுமா? அடுத்த வாரம் மாமியார் வருகிறார்.