புதுப்பிப்பு: ஸ்டெயின்லெஸ் எக்ஸாஸ்ட் ஏன் விரிசல் விட்டது

என் வண்டியின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எக்ஸாஸ்ட் (புகை போகும்) குழாய் எப்படித் துருப்பிடித்து வெல்டு ஓரத்தில் விரிசல் விட்டது என்று முன்பு கேட்டிருந்தேனே, சிங்கப்பூர் காக்கி புக்கிட் பட்டறையில் வண்டியைத் தூக்கிப் பார்த்தாயிற்று. குழாய் 409 ரக ஸ்டெயின்லெஸ், துருவைத் தடுக்கும் குரோமியம் சுமார் 11 சதவீதம்தான். மேலே பழுப்பு படிவது அதற்குச் சகஜம், விடுங்கள்.

விரிசல்தான் விஷயம். வெல்டு சூட்டில் கருகிய இடத்தில் குரோமியம் தரும் பாதுகாப்புப் படலம் சரியாக அமைவதில்லை, பீஷான், தோ பாயோ என்று பக்கத்திலேயே ஓட்டி நிறுத்தினால் குழாய் நன்றாகச் சூடேறாமல் உள்ளே அமிலம் கலந்த நீர் தேங்கி அங்கேதான் அரிக்கும், போதாததற்குக் குழாயைத் தாங்கும் ரப்பர் ஒன்று அறுந்து ஆட்டம் முழுவதும் அந்த வெல்டில் இறங்கியிருக்கிறது.

குரோமியம் கூடுதலான 304 ரகம் போடச் சொன்ன அண்ணனுக்கு: துரு குறையும், சரி, ஆனால் சூட்டில் அது இன்னும் அதிகமாக நீளும், ரப்பரை மாற்றாவிட்டால் அதுவும் பிளக்கும். இப்போதைக்குப் புது ரப்பர், மறு வெல்டு. சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமச் சான்று) முடியப்போகிற வண்டிக்கு இது போதும்.